எக்கினேசியா: எந்தச் செடி, எந்த வேர்?

ஹோமியோபதி மருந்துக் கடைகளில் ‘எக்கினேசியா’ என்று சீட்டு ஒட்டிய சிறு புட்டியை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதே பெயரில் மாத்திரையும் மூலிகைத் தேநீரும் தொண்டை மிட்டாயும் விற்கிறார்கள். சளி பிடிக்கும் காலம் வந்தால் விற்பனை கூடும். அந்தப் பெயருக்கு உரியது, வட அமெரிக்காவின் நடுவில் பிரெய்ரி எனப்படும் புல்வெளிகளில் தானாக முளைத்துப் பூக்கும் ஒரு காட்டுச் செடி. ஊதா கலந்த இளஞ்சிவப்பு இதழ்களும், நடுவில் செம்பழுப்பு நிறத்தில் முட்கள் நிறைந்த கூம்பும் கொண்ட பூ. அங்கே ஊர் மக்கள் அதைக் கூம்புப்பூ என்பார்கள்.

இந்தப் பூவைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளாக எத்தனையோ நம்பிக்கைகளும் ஏமாற்றங்களும் உண்டு. அவற்றைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குவது தெரியும். எந்த இனம், அதில் எந்தப் பாகம், எந்த மண்ணில் வளர்ந்தது என்று கேட்காமல் விட்டதுதான் அந்த இடம். வளர்ப்பவரும் உண்பவரும் ஆராய்பவரும் காப்பவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஒரு பேரினம், மூன்று மருந்துச் செடிகள்

எக்கினேசியா பேரினத்தில் ஏறத்தாழ பத்து இனங்கள் உண்டு. அனைத்தும் வட அமெரிக்காவுக்கே உரியவை. மருந்துக்கு எடுப்பவை மூன்று: எக்கினேசியா பர்ப்பூரியா, எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா, எக்கினேசியா பல்லிடா.

பர்ப்பூரியா அகன்ற இலைகளோடு இடுப்பளவு உயரம் வளரும். காட்டோரங்களிலும் ஈரம் நின்று வற்றும் புல்வெளிகளிலும் வாழ்வது. அங்குஸ்டிஃபோலியா குட்டையானது, ஒன்றிரண்டு அடிக்கு மேல் எழாது. இலைகள் ஒடுங்கியவை, சொரசொரப்பானவை. மேற்கே மழை குறைந்த சமவெளிகள் அதன் வீடு. பல்லிடாவின் வெளிறிய இதழ்கள் நீண்டு கீழே தொங்கும். அதன் மகரந்தம் வெள்ளை, மற்ற இரண்டினுடையது மஞ்சள்.

பூவைவிடப் பெரிய வேறுபாடு மண்ணுக்குள் இருக்கிறது. பர்ப்பூரியாவுக்குச் சல்லிவேர்; மேல்மண்ணில் கொத்தாகப் பரவும். மற்ற இரண்டுக்கும் ஆணிவேர். ஆளுயரத்துக்கும் கீழே இறங்கக்கூடியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜான் வீவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெய்ரியில் ஆழக் குழிவெட்டி, ஒவ்வொரு செடியின் வேரையும் மண்ணிலிருந்து பொறுமையாகப் பிரித்து வரைந்து வைத்தார். புல்வெளியின் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது என்பதை உலகம் கண்ணால் கண்டது அந்தப் படங்களில்தான். காட்டுத்தீ வந்தாலும், காட்டெருமை மேய்ந்தாலும், மழை பொய்த்தாலும் செடி மறுபடி தழைப்பதற்கு அந்த அடிவேர்தான் முதல்.

அந்த நிலமும் இன்று அரிது. உயரப்புல் பிரெய்ரி ஒரு காலத்தில் ஏறத்தாழ 17 கோடி ஏக்கரில் விரிந்திருந்தது. 1837இல் இல்லினாயில் ஜான் டியர் என்ற கொல்லர் செய்த எஃகுக் கலப்பை, பிசுபிசுப்பான அந்தக் கரிசல் மண்ணைப் புரட்ட வழி செய்தது. மக்காச்சோளமும் சோயாவும் வந்தன. இன்று மிஞ்சியிருப்பது நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவு. அயோவா மாநிலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கான்சாஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதி தப்பியதற்குக் காரணம், மேலாகவே கிடக்கும் சுண்ணாம்புப் பாறையும் தீக்கல்லும் கலப்பைக்கு இடம் தரவில்லை என்பதே. மற்ற இடங்களில் சாலையோரம், தண்டவாள ஓரம், பழைய கல்லறைத் தோட்டம் என்று துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது பிரெய்ரி.

வண்டு வந்தும் விதை இல்லை

இப்படித் துண்டானதால் ஒரு செடிக்கு என்ன நேர்கிறது? சிகாகோ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் வாகேனியஸ் 1996 முதல் மேற்கு மினசோட்டாவில் அங்குஸ்டிஃபோலியாவைப் பின்தொடர்ந்து இதற்கு விடை தேடிவருகிறார்.

விடையைப் புரிந்துகொள்ளப் பூவின் அமைப்பு தெரிய வேண்டும். சூரியகாந்தியைப் போல இதுவும் தலை மஞ்சரி. ஒரு பூவாகத் தெரிவது நூற்றுக்கணக்கான சிறுமலர்களின் கூட்டம். வெளிச்சுற்றில் இதழ்போல நீண்டிருக்கும் கதிர்ச் சிறுமலர்கள் விதை தருவதில்லை. பூச்சிகளை அழைப்பது மட்டுமே அவற்றின் வேலை. கூம்பில் உள்ள வட்டத்தட்டுச் சிறுமலர்கள்தான் விதையாகின்றன. அவை அடிச்சுற்றில் தொடங்கி நாளுக்கு ஒரு வரிசையாக உச்சியை நோக்கி மலரும். ஒவ்வொன்றும் முதல் நாள் மகரந்தத்தை வெளியே தள்ளும். மறுநாள் சூலகத்தண்டை நீட்டும்.

இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. நெருங்கிய உறவுச் செடியின் மகரந்தத்தையும் பெரும்பாலும் மறுத்துவிடும். பொருந்தும் மகரந்தம் வந்து சேர்ந்தால் சூலகத்தண்டு ஒரே நாளில் சுருங்கிவிடும். வராவிட்டால் பத்து நாள் வரையிலும் நீட்டியபடியே நிற்கும். ஆகவே, கூம்பில் எத்தனை வரிசை சுருங்காமல் நிற்கிறது என்று எண்ணினால் போதும். அந்தச் செடிக்குத் துணை கிடைத்ததா என்று வயலிலேயே சொல்லிவிடலாம். விதையைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. கருவுறாத சிறுமலரும் உள்ளீடற்ற விதையை உருவாக்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. எடை போட்டோ, ஊடுகதிர்ப் படம் எடுத்தோதான் பதரைப் பிரிக்க வேண்டும்.

தனித்து நிற்கும் செடியில் விதை குறைவு என்பது தெரிந்ததும், தேனீக்கள் அங்கே போகவில்லை என்றே எவரும் எண்ணுவார்கள். 2010இல் வாகேனியஸும் ஸ்டெஃபனி லயனும் வெளியிட்ட ஆய்வு அதை மறுத்தது. தனித்த செடிகளுக்கும் காட்டுத்தேனீக்கள் குறைவின்றி வந்தன. பொருந்தும் மகரந்தத்தைத்தான் அவை கொண்டுவரவில்லை. கொண்டுவர அக்கம்பக்கத்தில் பொருந்தும் செடி பூத்திருக்கவில்லை. பூச்சியைக் காப்பாற்றினால் பூ பிழைத்துவிடும் என்ற எளிய கணக்கு இங்கே போதாது. பூவுக்குப் பூ துணை வேண்டும். அதுவும் ஒரே நேரத்தில் மலர்ந்த துணை வேண்டும்.

இங்கேதான் நெருப்பு வருகிறது. இந்தச் செடி ஆண்டுதோறும் பூப்பதில்லை. நிலம் எரிந்த பிறகு வரும் கோடையில் மட்டும் பெருங்கூட்டமாகப் பூக்கும். 1996 முதல் 2016 வரை 21 ஆண்டுகள் செடி செடியாகக் குறித்து வைத்த தரவுகளை வாகேனியஸ் குழு 2020இல் வெளியிட்டது. போட்டிச் செடிகள் கருகியதால் உரமும் ஒளியும் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது பழைய விளக்கம். அதற்கு மேலும் ஒன்று நடக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. நெருப்பு செடிகளை ஒரே ஆண்டில், ஒரே நாட்களில் பூக்கச் செய்கிறது; அதனால் ஒவ்வொரு பூவுக்கும் அருகிலேயே பொருந்தும் துணை கிடைக்கிறது; விதை பெருகுகிறது. ஐரோப்பியர் வரும்முன் சமவெளிப் பழங்குடி மக்கள் புல்வெளிக்கு முறைவைத்துத் தீயிட்டு வந்தார்கள். அந்த வழக்கத்தை அழிவு என்று கருதித் தடுத்த இடங்களில் இந்தப் பூ மெல்லக் குறைந்துபோனது.

வளர்க்க நினைப்பவர்களுக்கு

வளர்ப்பிலும் முதல் கேள்வி, எந்த இனம் என்பதே. தோட்டத்துக்கு எளியது பர்ப்பூரியா. சல்லிவேர் என்பதால் நாற்றாகப் பிடுங்கி நடலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூரைப் பிரித்தும் நடலாம். பொதுவாக விதைத்த இரண்டாம் ஆண்டில் பூக்கும். அங்குஸ்டிஃபோலியா பொறுமையைச் சோதிக்கும். முதலில் ஆணிவேரை இறக்கிவிட்டுத்தான் மேலே எழும். பூவைக் காண மூன்று ஆண்டு, சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். இடம் மாற்றினால் வேர் அறுந்து வாடும். ஆகவே நேரடி விதைப்பே நல்லது. இல்லையேல் ஆழமான தொட்டி வேண்டும்.

விதைக்கு உறக்கம் உண்டு. குளிரும் ஈரமும் சேர்ந்து சில வாரங்கள் கிடைத்தால்தான் கலையும். இலையுதிர் காலக் கடைசியில் திறந்த நிலத்தில் தூவிவிட்டால் பனிக்காலம் அந்த வேலையைச் செய்துவிடும். இல்லாவிட்டால் ஈர மணலில் கலந்து குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அங்குஸ்டிஃபோலியாவுக்கு இரண்டு மூன்று மாதம் தேவை. பர்ப்பூரியாவுக்குச் சில வாரம் போதும். குளிர் காட்டாமலே முளைக்கும் விதையும் அதில் உண்டு. விதையை ஆழப் புதைக்காமல் மேலோட்டமாக மண் தூவ வேண்டும். வெளிச்சம் முளைப்பைத் தூண்டும்.

நாள் முழுதும் வெயில் வேண்டும். நீர் தேங்கக்கூடாது. உரம் வேண்டியதில்லை, வளமான மண்ணில் தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். முதல் ஆண்டு களை எடுப்பது ஒன்றே பெரிய வேலை. பூ காய்ந்ததும் கூம்பை வெட்டி எறியாமல் விட்டால் தங்கச்சிட்டு என்னும் சிறு குருவிகள் வந்து விதையைக் கொத்தித் தின்னும்.

பூக்கள் திடீரெனப் பச்சையாகி, கூம்பிலிருந்து இலை இலையாக முளைத்தால் அது ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் தரும் நோய், தத்துப்பூச்சி பரப்புவது. நம் எள் வயல்களில் பூவெல்லாம் இலையாக மாறிப்போகும் நோயும் இதே வகைதான். மருந்தில்லை. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவது ஒன்றே வழி.

நாற்றுப் பண்ணைகளில் இன்று ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று பல நிறங்களில், அடுக்கு அடுக்காக இதழ் வைத்த கலப்பின வகைகள் விற்கின்றன. கண்ணுக்கு அழகுதான். ஆனால் அடுக்குப் பூவில் சிறுமலர்கள் இதழாக மாறிவிடுவதால் தேனும் மகரந்தமும் தேனீக்கு எட்டுவதில்லை. ஒரே தாய்ச்செடியின் திசுவிலிருந்து வளர்த்த கன்றுகள் மரபில் ஒன்றே என்பதால் அவை ஒன்றுக்கொன்று துணையாகவும் முடியாது. பத்துச் செடி நட்டும் ஒற்றைச் செடி நட்ட கதையாகிவிடும். காட்டினத்தின் விதையிலிருந்து வந்த செடிகளை நடச் சொல்வதற்கு உறுதியான அறிவியல் காரணம் இது.

நாக்கை மரக்கவைக்கும் வேர்

அங்குஸ்டிஃபோலியாவின் வேரை ஒரு துண்டு மென்றால் நாக்கு சுறுசுறுவென்று மரத்து, எச்சில் ஊறும். ஆல்கைலமைடு என்ற வேதிப்பொருள்களே காரணம். சித்த மருத்துவத்தில் பல்வலிக்குத் தரும் அக்கரகாரம் நாக்கில் செய்வதும் இதையே. அதுவும் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, அதிலும் இருப்பது ஆல்கைலமைடுகள். இரு கண்டங்களின் வைத்தியர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே வகை வேதிப்பொருளை ஒரே வலிக்குக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

லகோட்டா, ஓமாகா, பானி, செயென் முதலிய சமவெளி மக்கள் இந்த வேரை நெடுங்காலமாக அறிந்தவர்கள். மெல்வின் கில்மோர் 1919இல் வெளியிட்ட மிசௌரி ஆற்றுப் பகுதித் தாவரங்கள் பற்றிய நூலில், பாம்புக்கடிக்கும் பூச்சிக்கடிக்கும் பல்வலிக்கும் இதைப் பயன்படுத்தியதையும், தீப்புண்ணில் சாறு தடவியதையும் பதிவு செய்திருக்கிறார். பெரும்பாலும் வலிக்கும் இடத்தில் நேரே வைத்த மருந்து இது. சளி வராமல் தடுக்கும் மாத்திரை என்ற இன்றைய பயன்பாடு பின்னால் வேறு கைகளில் உருவானது.

அந்தக் கைகளில் முதலாவது எச். சி. எஃப். மேயர் என்பவருடையது. நெப்ராஸ்காவின் பானி சிட்டியில் 1870களில் தொடங்கி, இந்த வேரைச் சேர்த்து ‘இரத்தச் சுத்தி’ மருந்து விற்றார். 1880களில் சின்சினாட்டி நகரின் மருந்தியலாளர் ஜான் யூரி லாய்டுக்கும் மருத்துவர் ஜான் கிங்குக்கும் எழுதி, தம் மருந்தை மெய்ப்பிக்க அவர்கள் முன்னிலையில் விரியனிடம் கடிபடத் தயார் என்றார். அவர்கள் அதற்கு இசையவில்லை. ஆனால் வேரை ஆராய்ந்தார்கள், எழுதினார்கள், விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள். 1909இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழு சான்று போதாது என்று ஒதுக்கியது.

அடுத்த திருப்பம் ஜெர்மனியில். 1930களின் பிற்பகுதியில் கெர்ஹார்ட் மடாவுஸ் என்ற மருந்து உற்பத்தியாளர் அமெரிக்காவிலிருந்து அங்குஸ்டிஃபோலியா என்று நம்பி வாங்கிச் சென்ற விதை முளைத்துப் பூத்தபோது பர்ப்பூரியாவாக இருந்தது. வளர்ந்ததை வீணாக்காமல் அதன் பூவையும் தண்டையும் பிழிந்து சாறெடுத்து மருந்தாக்கினார். ஐரோப்பிய ஆய்வுகளில் பெரும்பகுதி பர்ப்பூரியாவின் மேல்பாகத்தைச் சுற்றி அமைந்ததற்கு அந்த விதைப் பொட்டலமே காரணம். பழங்குடி மக்கள் மென்றது ஓர் இனத்தின் வேர். ஐரோப்பா பிழிந்தது வேறோர் இனத்தின் பூ. இரண்டுக்கும் வேதிச் சேர்க்கை வேறு. கடைக்கு வந்தபோது இரண்டும் ஒரே பெயரைச் சுமந்தன.

கலப்படமும் சேர்ந்துகொண்டது. பார்த்தீனியம் இண்டெக்ரிஃபோலியம் என்ற வேறொரு பிரெய்ரிச் செடியின் வேர் எக்கினேசியா என்று விற்கப்பட்டது. பழைய ஐரோப்பிய வேதியியல் ஆய்வுகள் சில இந்தப் போலி வேரைப் பரிசோதித்தே முடிவு கூறியிருந்தன என்று 1980களில் கண்டறிந்தார்கள். நம் ஊர்த் தரிசுகளை நிறைத்த பார்த்தீனியம் களைக்கு அது ஒரே பேரினத்து உறவு. கலப்படம் ஓயவில்லை. டென்வர் நகரக் கடைகளில் வாங்கிய 59 எக்கினேசியா மருந்துகளைச் சோதித்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், ஆறில் எக்கினேசியாவே இல்லை. சீட்டில் சொன்ன இனம் உள்ளே இருந்தது 31இல் மட்டும்.

சளிக்குப் பயன் உண்டா?

சுருக்கமாகச் சொன்னால், இருந்தால் மிகச் சிறிது. 2005இல் 437 தன்னார்வலர்களுக்கு அங்குஸ்டிஃபோலியா வேரின் மூன்று வகைச் சாறுகளைக் கொடுத்து, மூக்கில் ரைனோவைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். தொற்றிலும் அறிகுறியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2014இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 24 ஆய்வுகளையும் 4,631 பேரையும் எடுத்துக்கொண்டது. வந்த சளியை எக்கினேசியா விரைவில் தீர்க்கும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. வராமல் தடுப்பதில் ஒரு சிறு பயன் இருக்கலாம் என்றது. ஆய்வுக்கு ஆய்வு இனமும் பாகமும் சாறெடுத்த முறையும் மாறியதால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுவது கடினம் என்பதையும் அது சொல்லத் தவறவில்லை.

எச்சரிக்கைகள் தெளிவாக உள்ளன. சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தடிப்போ மூச்சுத் திணறலோ வரலாம். 2003இல் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் சளி குறையவில்லை, மருந்து எடுத்தவர்களிடம் தோல் தடிப்பு அதிகமாக இருந்தது. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2012இல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. பாம்பு கடித்தால் எந்த வேரும் வேண்டாம்; மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

தோண்டினால் என்ன மிஞ்சும்?

1990களின் இறுதியில் இந்த மருந்துக்குப் பெரும் சந்தை எழுந்தபோது, கான்சாஸ், மான்டானா, வடக்கு டகோட்டா சமவெளிகளில் அடுத்தவர் நிலத்திலும் அரசு நிலத்திலும் புகுந்து வேர் தோண்டினார்கள். தோண்டியது அங்குஸ்டிஃபோலியாவை, பத்தாண்டுகளாக மெல்ல வளர்ந்த ஆணிவேர்களை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கெல்லி கிண்ட்ஷர், வேர் வெட்டிய குழிகளைத் தொடர்ந்து கவனித்தார். அடியில் விட்டுப்போன துண்டிலிருந்து ஏறக்குறையப் பாதிச் செடிகள் மறுபடி தழைத்தன. ஆணிவேரின் ஆழம் செடியைக் காத்தது. ஆனால் மீதிப் பாதி போய்விட்டது. துணை குறைந்தால் மிஞ்சியவற்றுக்கும் விதை குறையும் என்பதை மேலே பார்த்தோம்.

காக்க முனைந்தால் மீளும் என்பதற்கும் இதே பேரினத்தில் சான்று உண்டு. நாஷ்வில் நகரைச் சுற்றிய சுண்ணாம்புப் பாறை வெளிகளில் மட்டும் வாழும் எக்கினேசியா டென்னசியென்சிஸ் அழிந்தே போனதாகக் கருதப்பட்டு, 1960களில் மறுபடி கண்டறியப்பட்டது. 1979இல் அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலில் சேர்ந்தது. நிலங்களை வாங்கிக் காத்து, விதையிட்டுப் புதிய கூட்டங்களை வளர்த்ததன் பயனாக 2011இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஒரு செடியின் பயனை அது நோய்க்கு ஆகுமா என்ற ஒற்றைக் கேள்வியால் அளப்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன வழக்கம். எக்கினேசியாவை அந்த அளவுகோலில் வைத்தால் கிடைப்பது ஐயத்துக்கு இடமான சிறு நன்மை. அது வளரும் நிலத்தில் வைத்துப் பார்த்தால், காட்டுத்தேனீக்குக் கோடை முழுதும் உணவு, குருவிக்குக் குளிர்காலத் தானியம், எரிந்த மண்ணுக்குப் பிடிப்பு. இந்தப் பயன்களுக்கு மருத்துவ ஆய்வு எதுவும் தேவையில்லை. பூத்த செடியின் அருகே ஒரு காலைப் பொழுது நின்றால் போதும்.

சிகாகோவிலோ மினியாபோலிசிலோ வீடும் கொஞ்சம் வெயில்படும் மண்ணும் உள்ள தமிழர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. உள்ளூர்க் காட்டினத்தின் விதையைக் கேட்டு வாங்குங்கள். எந்த இனம் என்பதைக் கடைக்காரரிடம் வற்புறுத்திக் கேளுங்கள். ஒற்றையாக நடாமல் கூட்டமாக நடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு பிடி விதை கொடுங்கள். அவர் வேலிக்குள் பூக்கும் செடிதான் உங்கள் செடிக்கு விதை தரப்போகிறது.